குடை ராட்டினத்து வில்லைக்காரம்மா

சரியாக ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு நான் ஜவுளிக் கடையை விட்டு வெளியே வந்தேன். கடைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் எட்டு வயதுப் பெண் செல்வியை நிறுத்திவிட்டுப் போயிருந்த இடத்தில், யாரோ ஒருவர் நின்று வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

செல்வி இப்போது புகுமுக வகுப்பு படிக்கிறாள். கல்லூரியிலிருந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானால் நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். "இன்னுமாம்மா?" என்று கேட்கிறாள். எட்டு வருஷத்தில் போயிருக்க வேண்டிய பயம் போகவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பயத்தைப் பற்றி அல்ல. அன்றைக்கு நான் யாரிடம் ஓடினேனோ அந்த அம்மாளைப் பற்றி. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் யாருக்குமே தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஊர் முழுக்க அவரை வில்லைக்காரம்மா என்றுதான் சொன்னது.

கோடை விடுமுறையில் மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் பொருட்காட்சி போடுவார்கள். பூட்டுக் கடை, சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைக் கடை, அப்பளக் கடை, பல்பொடிக் கடை எல்லாம் இருக்கும். கடைசியில், பனைமரங்களுக்குப் பக்கத்தில், குடை ராட்டினம். பன்னிரண்டு மரக்குதிரைகள். அதைக் கையால் தள்ளிச் சுற்றுகிறவர் அந்த அம்மாளின் தம்பி. அம்மாள் ஏணிபோல் உயரமான ஒரு முக்காலியில் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பார். ஒல்லியான உடம்பு. ஒரு பக்கக் காது ஒடிந்து நூல் கட்டிய கண்ணாடி. விரல்களில் எப்போதும் பச்சையோ சிவப்போ பெயிண்ட் ஒட்டியிருக்கும். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அந்த டப்பாவுக்குள்தான் வில்லைகள்.

எட்டணாக் காசு அகலத்துக்குத் தகரத்தை வெட்டி, அதில் அவரே படம் எழுதி, பின்னால் ஒரு ஊக்கைப் பற்றவைத்திருப்பார். சட்டையில் குத்திக்கொள்ளலாம். மயில், தேர், பூட்டு, மலை வாழைப்பழம், கோட்டை, குதிரை என்று ஒரு கோடைக்கு ஆறு படம். அடுத்த கோடைக்கு வேறு ஆறு. விலைக்குக் கிடையாது. ராட்டினத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒழுங்காக நடந்துகொண்டதை அவர் கண்ணால் பார்த்தால், கீழே இறங்கி வந்து குத்திவிடுவார். எதற்காகக் குத்துகிறார் என்பதையும் சொல்லிவிடுவார். "நல்ல பிள்ளை" என்றெல்லாம் பொதுவாகச் சொல்லமாட்டார். "ஆட்டம் முடிஞ்சதும் குதிரையக் கட்டிப்பிடிச்சு அழுகாம இறங்குனல்ல, அதுக்கு" என்பார். குழந்தைகளுக்கு உலகத்திலேயே கடினமான காரியம் அதுதான் என்பது அவருடைய கணக்கு.

திண்டுக்கல் குழந்தைகள் பைத்தியமாக அலைந்தார்கள். ஆறும் சேர்த்தவர்கள் மொத்தம் மூன்று பேர் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த மூவரில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கேட்டால் கிடைக்காது. இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஒருமுறை பெரிய இடத்துப் பெண்மணி ஒருவர் காரில் வந்து இறங்கி, தன் பையன் மயில் வேண்டும் என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஒன்று கொடுத்துவிடுங்கள் என்றார். பையன் அப்போதும் டிரைவரின் காலை உதைத்துக்கொண்டிருந்தான். வில்லைக்காரம்மா கோபப்படவில்லை. "கேட்டுட்டீகளேம்மா. கேக்காம இருந்திருந்தா நாளைக்கோ நாளன்னைக்கோ நானே எதையாச்சும் பாத்திருப்பேன்" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். பிறகு டப்பாவை மூடினார். அந்த மூடி டக்கென்று ஒரு சத்தம் போடும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வரிசையில் யாராவது முண்டினால் அந்த டக் சத்தம் கேட்கும். மொத்த வரிசையும் முண்டியவனைத் திரும்பிப் பார்க்கும். அதற்கு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

பெரியவர்களுக்கும் கொடுப்பார். தோல் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாயில் சுருட்டு. ராட்டினத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அதைச் செருப்படியில் தேய்த்து அணைத்து, துண்டைக் கீழே எறியாமல் காகிதத்தில் மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாள் இறங்கி வந்து அவர் ஜிப்பாவில் பூட்டு வில்லையைக் குத்தினார். அந்த மனிதர் வெலவெலத்துப்போய், எதுக்கும்மா என்று கேட்டார். "பிள்ளைக வெறுங்கால்ல ஓடுற இடம். நெருப்பைக் கீழ போடலைல்ல." ராவுத்தர் அதை ஒரு வாரம் கழற்றவே இல்லை. மண்டியில் யாரோ, இந்த வயசுல பள்ளிக்கூடத்துல சேந்துட்டீகளா என்று கேலி செய்தார்களாம். "ஆமப்பா, ஒண்ணாங் கிளாஸ் இப்பத்தேன் பாசானேன்" என்றாராம் அவர்.

எனக்கும் ஒன்று வேண்டும் என்று இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், ஒரு குழந்தைக்குத் தாய். ஆனாலும் வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நின்றாள். நான் நகர்ந்து அவளை முன்னால் விட்டேன். சீட்டு வாங்க நான் போனபோது வில்லைக்காரம்மா குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லதுதேன் செஞ்சீக. ஆனா கண்ணு என் டப்பா மேலல்ல இருந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கடைசிவரை எனக்கு ஒரு வில்லையும் கிடைக்கவில்லை.

அவர் ஏமாந்ததும் உண்டு. கீழே விழுந்த சின்னப் பிள்ளையைத் தூக்கிவிட்டான் என்று ஒரு பையனுக்குத் தேர் வில்லை கொடுத்தார். தள்ளிவிட்டதே அவன்தான் என்று மறுநாள் தெரிந்தது. திரும்ப வாங்குங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். "குடுத்ததை எப்படி வாங்குறது? குத்திக்கிட்டுத் திரியட்டும், என்ன செய்யுறான்னு பாப்போம்" என்றார். அவன் பொருட்காட்சி முடிகிற நாள்வரை அதைக் குத்திக்கொண்டு ராஜா மாதிரித் திரிந்தான். அவனுக்கு மனசு உறுத்தும் என்று நாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அம்மாள் அவனைக் காணும்போதெல்லாம், "சோக்காத்தேன் இருக்கு அவனுக்கு" என்று சொல்லி வாயைப் பொத்திச் சிரிப்பார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். கூட்டமில்லாத வெயில் நேரம். முக்காலி நிழலில் உட்கார்ந்து தகரத்தில் மயிலுக்குத் தோகை எழுதிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பிள்ளைகள் முண்டியடித்து ஏறி, ஒரு குழந்தைக்குக் கை ஒடிந்துவிட்டதாம். "கத்திப் பாத்தேன், கம்பெடுத்துப் பாத்தேன், கயிறு கட்டிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. ஒரு நாள் ஒரு பிள்ளை மட்டும் முண்டாம ஓரமா நின்னுச்சு. அதுக்கு என்ன குடுக்கன்னு தெரியல. சேலையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிக் குடுத்தேன். மறுநா பாத்தா ஒம்போது பிள்ளைக முண்டாம நிக்குது" என்றார். பிறகு, எழுதிக்கொண்டிருந்த தகரத்தை நிமிர்த்திப் பிடித்து, தோகை கோணலாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கோணலாகத்தான் இருந்தது. இல்லை என்றேன்.

எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. கன்னிவாடிப் பக்கம் என்று ஒருத்தர், நாடகக் கம்பெனியில் திரை எழுதினவர் என்று ஒருத்தர் சொன்னார்கள். புருஷன், பிள்ளைகள் பற்றி அவர் பேசியதே இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டே கோடைகள்தான் வந்தார். மூன்றாவது கோடையில் அதே இடத்தில் இரும்பு ராட்டினம் ஒன்று நின்றது, மோட்டாரில் சுற்றியது. விசாரித்தேன். சீட்டுக் கொடுத்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

செல்விக்கு மயில் கிடைத்தது எப்படி என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் ஆறு பத்துக்கு நடந்தது புரியும்.

அதற்கு முந்தின வாரம் ராட்டினத்தில் ஒரு குதிரையின் கட்டு தளர்ந்து ஆட்டம் நின்றுபோனது. வில்லைக்காரம்மா செல்வியிடம், "இந்தக் கம்பத்துக்கிட்ட நில்லு தாயி, சரி பண்ணிட்டுக் கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்பளக் கடையில் இருந்தேன். திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கடைகளுக்குள் ஓடினார்கள். அம்மாளும் தம்பியும் குதிரைகள் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்பத்தையே மறந்துவிட்டார்கள். மழை விட்டு வந்து பார்த்தால் செல்வி அதே கம்பத்துக்குப் பக்கத்தில், ஜடையிலிருந்து தண்ணீர் சொட்ட நிற்கிறாள். அம்மாள் தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினார். பிறகு டப்பாவைத் திறந்து மயிலை எடுத்துக் குத்தினார். "நான்தேன் மறந்துட்டேன். நீ மறக்கல" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என் கணவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அவர் மட்டும் கதையைக் கேட்டுவிட்டு, "மழையில நனையாம ஓடியிருந்தா எனக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு எதிலும் ஒரு நொட்டை என்று நினைத்தேன்.

இனி அந்தச் சாயங்காலம். சுங்குடிக் கடையில் பெண்கள் கூட்டம் நெரிந்தது. குழந்தையை உள்ளே கூட்டிப்போனால் மிதித்துவிடுவார்கள் என்று வெளியே நிறுத்தினேன். ஒரு மாம்பழ நிறத்துக்கும் ஒரு அரக்குக்கும் நடுவே மனசு முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டே போனது. அரைமணி நேரம். இரண்டையும் வாங்காமல்தான் வெளியே வந்தேன்.

கடலை தின்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைக்குப் பின்னால் பார்த்தேன். தண்ணீர்ப் பந்தலில் பார்த்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. மைதானத்து மேற்குக் கோடியில் ஒரு பெரிய கிணறு உண்டு. கைப்பிடிச் சுவர் பாதி இடிந்து கிடக்கும். அதில் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் வானம்தான் தெரிந்தது. அந்தச் சிவப்பு வானம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அங்கிருந்து ராட்டினத்துக்கு ஓடினேன். நீளமான வரிசை. முக்காலிக்குக் கீழே நின்று நான் சொன்ன முதல் வார்த்தை, "உங்க தகரத்துக்காகத்தான் எம்பிள்ளை இப்படி ஆயிட்டா" என்பது. எப்படி ஆகிவிட்டாள் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது.

அம்மாள் டப்பாவை மடியிலிருந்து இறக்கி வைத்தார். தம்பியிடம் கையைக் காட்டி ராட்டினத்தை நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்லிட்டுப் போனீக?"

"இங்கேயே நில்லுன்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லியிருந்தா அவ அங்கயேதான் நிப்பா. மழையிலயே நின்னவ. நல்லா நெனச்சுப் பாருங்க. வாயில வந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

நான் நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் அப்படிச் சொல்லவில்லை. ஜவுளிக் கடைக்கு வெளியே பல்பொடி விளம்பரத்துக்காக ஓர் ஆள் நின்றிருந்தார். ஆளுயரத்துக்கு மேல் உயரமான கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, அவற்றை மூடுகிற மாதிரி நீளமான கோடுபோட்ட கால்சட்டையும் கூம்புத் தொப்பியும் போட்டு, கொட்டு அடித்துக்கொண்டு நிற்பார். அவ்வளவு கூட்டத்திலும் அவர் தலை மட்டும் தனியாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நான் சொன்னேன்: "செல்வி, அந்தக் கட்டைக்கால்காரர்கிட்டயே நில்லு. நான் வர்ற வரைக்கும் அவரை விட்டு நகராதே. அவர் எங்கே இருந்தாலும் எனக்குக் கண்ணுக்குத் தெரியும்."

வில்லைக்காரம்மா மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். கூம்புத் தொப்பி எங்கேயும் இல்லை.

அவர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். முன்னால் நின்ற ஒரு பெண் குழந்தை உடனே சொன்னது: கட்டைக்கால்காரர் மேற்கு வாசல் வழியாக ஊருக்குள் போய்விட்டார், பின்னாலேயே நிறையப் பிள்ளைகள் போனார்கள், மயில் குத்தின அக்காவும் போனாள்.

"இம்புட்டு நேரம் ஏம்மா சொல்லல? இவுக அழுதுக்கிட்டே கத்துறது காதுல விழலையா?"

"வரிசையில பேசக்கூடாதுல்ல" என்றது அந்தக் குழந்தை.

அந்த அம்மாளின் முகம் அப்போது ஆன மாதிரி நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு முக்காலியின் பாதிப் படியில் ஏறி நின்று, அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினார். "வரிசையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். பெரிய ஆளுக எல்லாம் ஓடுங்கப்பா. ஆளுக்கொரு தெருவாப் போங்க." வரிசை உடைந்தது. அப்பாக்கள், மாமாக்கள், ராட்டினம் தள்ளுகிற தம்பி, எல்லாரும் ஓடினார்கள்.

பல்பொடிக் கடைக்காரரிடம் விசாரித்ததில் மனசு இன்னும் கலங்கியது. கட்டைக்கால்காரர் தினமும் ஆறு மணிக்கு மேல் தெருச் சுற்றப் போவாராம். ஒரு நாள் போன வழியில் மறுநாள் போகமாட்டாராம். கட்டையை அவிழ்க்க உயரமான மதில் ஏதாவது வேண்டும். எங்கே மதில் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியே வீட்டுக்கு நடந்துவிடுவாராம். வீடு எங்கே என்று தெரியாது. தாடிக்கொம்பு ரோட்டில் எங்கேயோ.

நானும் ஓடப் பார்த்தேன். வில்லைக்காரம்மா விடவில்லை. என் முந்தானையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "நீங்களும் அலைஞ்சா அவ வந்து யாரத் தேடுவா? இங்கன நில்லுங்க. நானும் நிக்கேன்" என்றார். மேற்கு வாசல் கம்பத்துக்கடியில் இரண்டு பேரும் நின்றோம். ஆறே முக்கால் ஆயிற்று. ஏழு ஆயிற்று. டியூப் விளக்குகள் எரிந்தன. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் போனார்கள். நான் கண்ட தெய்வத்துக்கெல்லாம் நேர்ந்துகொண்டேன். என் கணவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

கம்பத்தில் சாய்ந்துகொண்டு அவர் பேசினார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "நில்லுன்னா நிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். எப்ப ஓடணும்னு ஒரு பிள்ளைக்கும் சொல்லிக் குடுக்கல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூல் அறுந்துவிட்டது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வெறுங்கண்ணைச் சுருக்கிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகரம் என்று நான் சொன்ன வார்த்தைக்கு அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

ஏழு மணி ஐம்பதுக்கு, சாலைத் திருப்பத்தில் வேப்பமரக் கிளைகளுக்கு நடுவே ஒரு கூம்புத் தொப்பி அசைந்தது. தொப்பிக்குக் கீழே வியர்வையில் சாயம் கரைந்து வழிந்த ஒரு முகம். கொட்டுச் சத்தம் இல்லை. கட்டைக்கால்காரர் ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, வலியோடு நடந்து வந்தார். கோடுபோட்ட கால்சட்டையின் ஓரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி செல்வி கூடவே வந்தாள். நான் கத்தினேனா, ஓடினேனா, தெரியவில்லை. அவளை வாரி எடுத்தது தெரியும். அவள் அப்போதும் அந்தக் கால்சட்டையை விடவில்லை.

அந்த மனிதர் விளக்குக் கம்பத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்து மூச்சு வாங்கினார். மேலேயிருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கள்ல யாரு இந்தப் புள்ளைக்கு அம்மா? மதில்ல உக்காந்து கட்டைய அவுக்கப் போனேன். 'அவுக்காதீங்க மாமா, அவுத்துட்டா எங்கம்மாவுக்கு உங்களத் தெரியாது'ன்னு ஒரே அழுகை. சரி, அம்மாகிட்டயே கொண்டுபோய் விடுறேன்னு வந்த வழியெல்லாம் திரும்பி நடந்தேன். ஊரெல்லாம் சுத்தி இந்தக் கட்டையிலயே நிக்கேன் தாயி, காலு ரெண்டும் செத்துப்போச்சு. அதான் நீங்க பாத்துட்டீகல்ல, இனி நான் இறங்கலாமான்னு அவகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."